லினக்ஸில் டொங்கிள் மோடம் இணையவில்லையா? எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

டொங்கிளைச் செருகி 'கனெக்ட்' அழுத்துகிறீர்கள், கொஞ்ச நேரம் சுற்றுகிறது, 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து நிற்கிறது. உடனே எல்லாரும் செய்வது திரும்ப அதே பட்டனை அழுத்துவது, அப்புறம் லப்டொப்பை அணைத்துப் போடுவது, அதுவும் சரிவராவிட்டால் லினக்ஸைத் திட்டிக்கொண்டு விண்டோஸைத் திரும்ப ஏற்றுவது. இதெல்லாம் வேண்டாத வேலை. சிம் போட்டுச் செருகும் இந்த யுஎஸ்பி டொங்கிள்களில் பல உள்ளுக்குள் பழைய டயல்-அப் மோடம்தான். அதே ஏடி கட்டளைகள் (மோடத்திடம் பேசும் மொழி), அதே டயல் பண்ணுதல், அதே பிபிபி (டயல் ஆன பிறகு இணையத் தரவைக் கொண்டுபோகும் முறை). தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக *99# என்று டயல் பண்ணுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் பழைய மோடத்துக்கு இருந்த நல்ல குணம் இதற்கும் உண்டு: முறையாகக் கேட்டால் தனக்கு என்ன குறை என்று அதுவே சொல்லிவிடும்.

இணைப்பு வருவதற்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சில கட்டங்கள் கடக்க வேண்டும்: கறண்ட், யுஎஸ்பி, ட்ரைவர், அனுமதி, சிம், கவரேஜ், டயல், பிபிபி, கடைசியில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றுவது). முதலில் எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று பாருங்கள், அதற்குப் பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். டிஎன்எஸ் பிழைக்காக மோடத்தை மாற்றுகிறவர்களும், சிம் பிழைக்காக உபுண்டுவைத் திரும்ப நிறுவுகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கீழே சொல்வது உபுண்டு, மிண்ட், டெபியன் மூன்றுக்கும் பொருந்தும். கட்டளைகளை எழுத்தெழுத்தாக ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் தட்டும்போது சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஏடி கட்டளைகள் மட்டும் பெரிய எழுத்து.

லப்டொப்பைத் தொடுவதற்கு முன்

சிம்மைக் கழற்றி ஒரு போனில் போட்டு, வைஃபையை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் வராவிட்டால் லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை: டேட்டா முடிந்திருக்கும், சிம் முடக்கப்பட்டிருக்கும், அல்லது உங்கள் பக்கத்து டவரே படுத்திருக்கும். மாரி காலத்தில் காற்றும் மழையுமாகக் கறண்ட் போன நாட்களில் டவரும் சேர்ந்து போவது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போனில் வருகிறது என்றால், சிம் போனில் இருக்கும்போதே அமைப்புகளுக்குள் போய் ஏபிஎன் (நெட்வொர்க்கில் டேட்டா நுழையும் வாசலின் பெயர்) என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இணையத்தில் கிடைக்கிற ஏபிஎன் பட்டியல்களை நம்ப வேண்டாம், பாதி பழையவை. முற்கொடுப்பனவு சிம்முக்கும் மாதக் கட்டண சிம்முக்கும் வெவ்வேறு ஏபிஎன் இருக்கலாம்.

இன்னொன்று. இணையம் வேலை செய்யாத கணினியில் இணையத்திலிருந்து மென்பொருள் இறக்குவது எப்படி? அந்தப் போனையே யுஎஸ்பி கேபிளால் லப்டொப்பில் மாட்டி, போனில் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும், ட்ரைவர் தேவையில்லை. அப்படி இணைந்திருக்கும்போது யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச், மோடம்மேனேஜர் (மோடத்தைப் பின்னணியில் கவனிப்பது), பிபிபி, பிகோகாம் (மோடத்தோடு தட்டிப் பேச உதவுவது) இந்த நான்கு பொதிகளையும் நிறுவிவிடுங்கள். வேலை முடிந்ததும் டெதரிங்கை நிறுத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டொங்கிள் வேலை செய்கிறது என்று ஏமாந்துபோவீர்கள்.

கறண்டும் யுஎஸ்பியும்

டெர்மினலில் சுடோ டிஎம்இஎஸ்ஜி (சுடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு -டபிள்யூ சேர்த்து என்டர் அடியுங்கள். இது கர்னல் (லினக்ஸின் மையக்கரு) பேசுவதை நேரடியாகக் காட்டும். இப்போது டொங்கிளைச் செருகுங்கள். புதிய வரிகள் ஓட வேண்டும். ஒன்றுமே ஓடவில்லையா? போர்ட், கேபிள், டொங்கிள் மூன்றில் ஒன்று செத்துவிட்டது. வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள்.

வரிகள் ஓடுகின்றன, ஆனால் 'எரர் -71' அல்லது 'எரர் -110' என்று வருகிறது, அல்லது 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது என்றால் பெரும்பாலும் கறண்ட் பற்றாக்குறை, அல்லது தொடுமுனை கெட்டிருக்கிறது. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லியம்பியர். டவர் தூரமாக இருந்தால் டொங்கிள் முழுப் பலத்தோடு கத்த வேண்டியிருக்கும், அப்போதுதான் அது அதிகம் இழுக்கும். அதனால்தான் செருகியவுடன் ஒழுங்காக இருக்கிற டொங்கிள் டயல் பண்ணும் நிமிடத்தில் விழுந்துவிடுகிறது. தனி மின்சாரம் இல்லாத ஹப், மெல்லிய நீளமான நீட்டிப்புக் கேபிள், டெஸ்க்டொப் பெட்டியின் முன்பக்கப் போர்ட் இவற்றைத் தவிருங்கள். பின்பக்கம் தாய்ப்பலகையிலேயே இருக்கும் போர்ட்தான் நல்லது.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் டொங்கிளின் உலோக வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் உப்புக் காற்றின் வேலை அது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹோலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். சிம்மின் தொடுமுனைகளை வெள்ளை அழிரப்பரால் லேசாகத் தேய்த்தாலே போதும். சுரண்ட வேண்டாம்.

மோடமா, சீடியா?

அடுத்து எல்எஸ்யுஎஸ்பி என்று தட்டுங்கள். பட்டியலில் உங்கள் டொங்கிள் ஒரு வரியாக இருக்கும். ஹுவாவே என்றால் 12டி1 என்றும், இசட்டிஇ என்றால் 19டி2 என்றும் எண் தொடங்கும். அதற்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு வருகிற நான்கு இலக்கம்தான் இங்கே முக்கியம்.

ஏனென்றால் இந்த டொங்கிள்கள் செருகியவுடன் தங்களை மோடம் என்று சொல்லிக்கொள்வதில்லை. விண்டோஸ் மென்பொருள் அடங்கிய சீடி என்றே சொல்லிக்கொள்ளும். பழைய ஹுவாவே டொங்கிள் பலவற்றில் 12டி1:1446 என்றும், 4ஜி இ3372 வகையில் 12டி1:1எஃப்01 என்றும், இசட்டிஇயில் 19டி2:2000 என்றும் இருந்தால் இன்னும் சீடியாகவே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மோடமாக மாற்றுவதுதான் யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்சின் வேலை. அது நிறுவியிருந்தால் சில விநாடிகளில் எண் தானாக மாறும், எல்எஸ்யுஎஸ்பியைத் திரும்பத் தட்டிப் பாருங்கள். மாறவில்லை என்றால் டெஸ்க்டொப்பில் தெரியும் சீடி படத்தை 'இஜெக்ட்' பண்ணிப் பாருங்கள். பல மோடல்களுக்கு அதுவே போதும்.

இ3372 வகை மாறிய பிறகு 12டி1:14டிசி என்று வந்தால் நல்ல செய்தி. இது ஹைலிங்க் வகை, டயல் பண்ணுவதெல்லாம் டொங்கிளுக்குள்ளேயே நடக்கும், கணினிக்கு அது ஒரு சாதாரண நெட்வொர்க் கார்ட். பிரவுசரில் 192.168.8.1 என்று போட்டால் அதன் பக்கம் திறக்கும், சிம் பின், ஏபிஎன், சிக்னல் எல்லாம் அங்கேயே. இந்த வகை வைத்திருப்பவர்கள் டயல் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு, 'கனெக்டட் என்கிறது, பக்கம் திறக்கவில்லை' என்ற பகுதிக்குப் போகலாம்.

போர்ட்டும் அனுமதியும்

மோடமாக மாறிவிட்டால் டிஎம்இஎஸ்ஜி ஓடும் திரையில் டிடிஒய்யுஎஸ்பி0, டிடிஒய்யுஎஸ்பி1, டிடிஒய்யுஎஸ்பி2 என்று போர்ட்கள் முளைத்திருப்பது தெரியும். சில மோடல்களில் டிடிஒய்ஏசிஎம்0 என்று வரும். ஒரே டொங்கிளுக்கு எதற்கு மூன்று போர்ட் என்றால், ஒன்று டேட்டாவுக்கு, ஒன்று கட்டளைக்கு, மற்றது பிழை ஆய்வுக்கு. பொதுவாக 0 டேட்டாவுக்கு, ஹுவாவேயில் 2 கட்டளைக்கு. தவறான போர்ட்டில் பேசினால் பதிலே வராது, பயப்படாமல் அடுத்ததைப் பாருங்கள்.

'பெர்மிஷன் டினைட்' வந்தால் உங்கள் பயனர் டயல்அவுட் என்ற குழுவில் இல்லை. சேர்த்த பிறகு முழுவதும் லொக்அவுட் செய்து திரும்ப வர வேண்டும், புதிய டெர்மினல் திறந்தால் மட்டும் போதாது. எல்லாவற்றுக்கும் சுடோ போட்டு ஓட்டுவது வேலை செய்யும்தான், ஆனால் பிறகு வரைகலை வழியில் ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புவீர்கள்.

'டிவைஸ் பிஸி' என்று வந்தால் காரணம் அநேகமாக மோடம்மேனேஜர். அது பின்னணியில் அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். கையால் சோதிக்கும்போது சேவைகளை நிறுத்தி ஓடவைக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை வழியாக அதை நிறுத்துங்கள், சோதனை முடிந்ததும் திரும்ப ஓட விடுங்கள்.

மோடத்திடமே கேட்பது

இதுதான் முக்கியமான இடம். பலர் தாண்டிப்போவதும் இதைத்தான். பிகோகாமைக் கட்டளைப் போர்ட்டில் திறந்து, ஏடி என்று தட்டி என்டர் அடியுங்கள். 'ஓகே' என்று வர வேண்டும். வந்துவிட்டால் கறண்ட், யுஎஸ்பி, ட்ரைவர், அனுமதி என்று அதுவரை உள்ள எல்லாமே சரி, இனி அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெளியே வர கன்ட்ரோல்-ஏ, பிறகு கன்ட்ரோல்-எக்ஸ்.

ஏடி+சிபின்? என்று கேளுங்கள். 'ரெடி' என்றால் சிம் சரி. 'சிம் பின்' என்றால் பின் எண் கேட்கிறது, போனில் போட்டுப் பின்னை நீக்கிவிடுவது சுலபம். 'சிம் பக்' (பின் பூட்டப்பட்டால் திறக்கும் எண்) என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பக் எண்ணை 10 முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகப் போய்விடும். 'சிஎம்இ எரர் 10' என்றால் சிம் இருப்பதே தெரியவில்லை என்று சொல்கிறது. நானோ சிம்மை அடாப்டரில் வைத்துப் பழைய டொங்கிளில் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும், அடாப்டர் கொஞ்சம் விலகினாலே போதும்.

அடுத்தது ஏடி+சிஎஸ்கியூ. பதிலில் முதல் எண் 0 முதல் 31 வரை இருக்கும். அதை 2ஆல் பெருக்கி 113ஐக் கழித்தால் டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) கிடைக்கும். அதாவது 10 என்றால் -93, 20 என்றால் -73. என் கணக்கில் 15க்கு மேல் நிம்மதி, 10க்குக் கீழே தொல்லை, 5க்குக் கீழே டயல் பண்ணுவதே வீண். 99 என்று வந்தால் சிக்னல் அளவே தெரியவில்லை.

டவரில் இருந்து தள்ளி, படுவான்கரைப் பக்கத்தில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிக்கு அப்பால் வயல் நடுவே வீடு இருப்பவர்களும், அம்பாறையில் பொத்துவிலுக்கு அங்கால் இருப்பவர்களும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். லப்டொப்பைக் கையில் பிடித்தபடி, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் நின்று, ஏடி+சிஎஸ்கியூவைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பாருங்கள். தகரக் கூரைக்கு நடுவே 6 காட்டுகிற அதே டொங்கிள் டவர் பக்கத்து ஜன்னலில் 14 காட்டலாம். இரண்டு எண்ணுக்கும் இடையே 16 டெசிபல், கிட்டத்தட்ட 40 மடங்கு பலம். ஜன்னலுக்குக் கொண்டுபோக நீட்டிப்புக் கேபிள் தேவைப்பட்டால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு மேல் போக வேண்டாம், தடித்த கேபிளாக வாங்குங்கள்.

பிறகு ஏடி+சிஆர்இஜி? கேளுங்கள். பதில் 0,1 என்றால் பதிவாகிவிட்டது. 0,2 என்றால் இன்னும் தேடுகிறது. 0,3 என்றால் நெட்வொர்க் மறுத்துவிட்டது, இது சிம் பிரச்சினை, நீங்கள் கணினியில் என்ன செய்தும் பயனில்லை. 0,5 ரோமிங். 4ஜி டொங்கிளில் இதே கேள்வியை ஏடி+சிஇஆர்இஜி? என்று கேட்க வேண்டும். எந்த நெட்வொர்க் என்று தெரிய ஏடி+சிஓபிஎஸ்? தட்டுங்கள். பெயருக்குப் பதில் எண் வந்தால் இலங்கைக்கு 413, அதற்குப் பின்னால் 01 மொபிடெல், 02 டயலொக், 08 ஹட்ச்.

சிக்னல் நன்றாக இருந்தும் 0,2இலேயே நிற்கிறது, அல்லது பதிவாகியும் ஆமை வேகம் என்றால் டொங்கிள் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். 3ஜி மட்டும் தெரிந்த பழைய டொங்கிளுக்கு உங்கள் பகுதியில் 3ஜி சேவை இன்னும் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது 2ஜிக்கு விழுந்து தவழும். எந்த அமைப்பை மாற்றினாலும் அது 4ஜி ஆகாது, இனிப் பணம் போடுவதென்றால் 4ஜி டொங்கிளில் போடுங்கள்.

டயலும் பிபிபியும்

இப்போது பிகோகாமை மூடிவிட்டு மோடம்மேனேஜரை ஓடவிடுங்கள். எம்எம்சிஎல்ஐ -எல் என்று தட்டினால் (அந்த எல் பெரிய எழுத்து) உங்கள் மோடம் ஓர் எண்ணோடு தெரியும். எம்எம்சிஎல்ஐ -எம் போட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் நிலையைச் சொல்லும்: லாக்ட், டிசேபிள்ட், சர்ச்சிங், ரெஜிஸ்டர்ட், கனெக்டட். ரெஜிஸ்டர்ட் வரை வந்துவிட்டால் நெட்வொர்க் ஐகானில் 'மொபைல் பிராட்பேண்ட்' என்று புதிய இணைப்பு ஒன்றை உருவாக்கி, போனில் பார்த்துக் குறித்த ஏபிஎன்னை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். எண் *99#. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போனில் காலியாக இருந்தால் இங்கேயும் காலி.

இணைக்கும்போது இன்னொரு டெர்மினலில் கணினியின் பதிவேட்டை (ஜர்னலை) நேரடியாகக் காட்டும் ஜர்னல்சிடிஎல் -எஃப் ஓடட்டும். தோல்வியானால் திரையில் வரும் பெட்டிச் செய்தியை விட அங்கே வருவதுதான் உண்மை. 'நோ கேரியர்' என்று உடனே வந்தால் பெரும்பாலும் ஏபிஎன் தவறு, அல்லது டேட்டா முடிந்துவிட்டது. 'கனெக்ட்' வந்த பிறகு 'எல்சிபி டைம்அவுட்' என்று வந்தால் டயல் சரி, எதிர்ப்பக்கம் பிபிபி பேசவில்லை. தவறான போர்ட்டில் டயல் பண்ணினாலும் இதேபோல வரும்.

பிபிபியை நடத்தும் நிரலான பிபிபிடியைக் கையால் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி: அது சாகும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 7 என்றால் போர்ட்டைத் திறக்க முடியவில்லை. 8 டயல் ஸ்கிரிப்ட் தோல்வி. 10 பிபிபி பேச்சுவார்த்தை தோல்வி. 15 இணைந்த பிறகு எதிர்ப்பக்கம் பதில் தரவில்லை, சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இது சகஜம். 16 மோடமே தொடர்பை வைத்துவிட்டது. 19 பெயர் அல்லது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. 'எதிர்ப்பக்க முகவரி தெரியவில்லை, 10.64.64.64 என்று வைத்துக்கொள்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி வரும், பார்த்துப் பதற வேண்டாம், பிழை மாதிரித் தெரிந்தாலும் அது பிழை இல்லை.

கனெக்டட் என்கிறது, பக்கம் திறக்கவில்லை

பிங் 8.8.8.8 அடியுங்கள். பதில் வருகிறதா? அப்படியென்றால் இணையம் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் இல்லை. பழைய ஹுவாவே டொங்கிள்களில் இதற்கென்றே ஒரு வியாதி உண்டு: நெட்வொர்க் உண்மையான டிஎன்எஸ் முகவரியைக் கொடுக்கும் முன்பே மோடம் அவசரப்பட்டு 10.11.12.13, 10.11.12.14 என்ற பொய் முகவரிகளைக் கணினிக்குக் கொடுத்துவிடும். ஜர்னலில் இந்த எண்களைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம். ஒருமுறை துண்டித்து இணைத்தால் சரியாகலாம். நிரந்தரமாகத் தீர்க்க, இணைப்பின் ஐபிவி4 அமைப்பில் 'முகவரி மட்டும் தானாக' என்பதைத் தேர்ந்தெடுத்து டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போட்டுவிடுங்கள்.

பிங்கும் போகவில்லை என்றால் ஐபி ரூட் என்று தட்டி, 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள். பிபிபி0 அல்லது டொங்கிளின் கார்ட் இருக்க வேண்டும். இணையமே இல்லாத பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றோடு லப்டொப் ஒட்டிக்கொண்டிருந்தால் எல்லாப் போக்குவரத்தும் அங்கே போய் முட்டி நிற்கும். வைஃபையை நிறுத்துங்கள், முடிந்தது.

சில பக்கங்கள் திறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன என்றால் எம்டியுவை (ஒரு பொட்டலத்தில் போகும் தரவின் உச்ச அளவு) 1400க்கு இறக்கிப் பாருங்கள். சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் அறுந்துபோகிறது என்றால் யுஎஸ்பி மின்சேமிப்பு டொங்கிளைத் தூங்க வைக்கிறதா என்று பாருங்கள், மின்சேமிப்பு மென்பொருளான டிஎல்பி நிறுவிய லப்டொப்களில் அதன் அமைப்பில் டொங்கிளின் எண்ணை விதிவிலக்காகச் சேர்க்கலாம்.

உண்மையான தொலைபேசி மோடம் வைத்திருப்பவர்களுக்கு

வெளியே வைக்கிற சீரியல் மோடம் ஒன்றை இன்னும் ஓட்டுகிறவர்கள், தொலைநகலுக்காகவோ பழைய இயந்திரம் ஒன்றுக்காகவோ, மேலே சொன்ன அதே வரிசையில் போகலாம். போர்ட் மட்டும் டிடிஒய்எஸ்0. வேலையில் பாதியைக் கணினியின் தலையில் கட்டும் உள்-அட்டை 'வின்மோடம்' என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள், புதிய கர்னலில் அதன் ட்ரைவரை ஏற்றுவதற்குள் வெளி மோடம் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடலாம்.

'நோ டயல்டோன்' வந்தால் முதலில் சாதாரண போனை அதே சொக்கெட்டில் மாட்டிக் காதில் வைத்துப் பாருங்கள். டோன் கேட்கிறது, ஆனால் விட்டுவிட்டு அடிக்கிறது என்றால் குரலஞ்சல் காத்திருக்கிறது, மோடத்துக்கு அந்த டோன் புரியாது. தொடக்கக் கட்டளையில் ஏடிஎக்ஸ்3 சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் பண்ணும். கரகரவென்று இரைச்சல் கேட்டால் வேகம் குறைவதும் அறுவதும் அதனால்தான். 56கே மோடம் நல்ல லைனிலேயே முழு 56ஐத் தொடுவதில்லை, இரைச்சல் லைனில் 33.6க்கும் கீழே இறங்கும். வீட்டுக்குள் இருக்கும் இணைப்புப் பெட்டியைத் திறந்து துருவைப் பாருங்கள், அதற்கு வெளியே உள்ளது நிறுவனத்தின் வேலை. இடி மின்னல் தொடங்கினால் மின் பிளக்கை மட்டும் அல்ல, தொலைபேசி வயரையும் மோடத்திலிருந்து கழற்றுங்கள். மின்னல் தொலைபேசி வயர் வழியாகவும் உள்ளே வரும்.